இடப்பக்கப் பொறி: கண்டியின் துவக்குக் கொல்லரும் வீட்டுப் பட்டறையும்

இலங்கைத் தமிழர் துவக்கு என்றும் தமிழ்நாட்டார் துப்பாக்கி என்றும் சொல்வது ஒரே கருவியைத்தான். சிங்களத்தில் அது துவக்குவ, குடகு மொழியில் தோக்கு. இவை அனைத்தும் துருக்கி மொழியின் துஃபெக் என்ற சொல்லிலிருந்து கிளைத்தவை. கண்டி இராச்சியத்தின் நிருவாக வழக்கில் இதனோடு பொந்திக்குல என்ற மற்றொரு சொல்லும் வழங்கியது. அரபு மொழியில் சிறு கொட்டையையும் அதுபோன்ற உருண்டையையும் குறித்த புந்துக் என்ற சொல்லின் வழியில் வந்தது அது, வட இந்தியரின் பந்தூக் என்பதும் அதன் உடன்பிறப்பே. அலுமாரி, யன்னல், சாவி, மேசை என்று எத்தனையோ பொருள்களுக்குப் போர்த்துக்கேயப் பெயர்களையே இலங்கையர் ஏற்றுக்கொண்டிருக்க, போர்த்துக்கேயர் தோளில் சுமந்து வந்த எஸ்பிங்கார்தாவின் பெயர் மட்டும் மக்கள் நாவில் நிலைக்கவில்லை என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. கருவி மேற்கிலிருந்து வந்திருப்பினும், அதை அறிந்து, பெயரிட்டு, தமதாக்கிக்கொண்ட மக்கள் இந்தியப் பெருங்கடலின் வணிக உலகோடு தொடர்புடையவர்களாக இருந்தனர் என்பதற்குச் சொற்களே முதற்சான்று.

இச்சொற்பொழிவு எடுத்துக்கொண்ட பொருள் துவக்கின் போர்ப்பயன் அன்று. அதைச் செய்த கையும் அக்கை இருந்த வீடும் அவ்வீட்டைச் சூழ்ந்திருந்த சட்டமுமே ஆகும். ஒருவர் தம் வீட்டுப் பட்டறையில், நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு, தம் கையாலேயே ஒரு துவக்கை உருவாக்குவது இன்று உலகின் சில நாடுகளில் ஒரு பொழுதுபோக்குக் கலையாக வளர்ந்திருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டுப்பாட்டுச் சட்டம், துவக்குகளைச் செய்து விற்பதைத் தொழிலாகக் கொண்டோர் உரிமம் பெறவேண்டும் என விதித்ததேயன்றி, சொந்தப் பயன்பாட்டுக்காக மட்டும் ஒருவர் செய்துகொள்வதைக் கூட்டாட்சி மட்டத்தில் தடுக்கவில்லை. சில மாநிலங்கள் பின்னர்த் தனித் தடைகளை விதித்தன. கூட்டாட்சிச் சட்டம் விட்டுவைத்த அந்த இடத்தில் தச்சரும் பொறியியலாளரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அடங்கிய ஓர் ஆர்வலர் கூட்டம் வளர்ந்தது.

அக்கூட்டத்தின் மிகப் பழைய கிளை, வாய்வழி மருந்து கெட்டித்துச் சுடும் பழங்காலத் துவக்குகளை மீளச் செய்வோரைக் கொண்டது. 1933இல் அமைக்கப்பட்ட தேசிய வாய்வழித் துவக்குச் சங்கம் இந்தியானா மாநிலத்தின் பிரண்ட்ஷிப் என்ற சிற்றூரைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் என்ற மரபுநகரில் தலைமைத் துவக்குக் கொல்லராக இருந்த வாலஸ் கஸ்லர், இரும்புப் பட்டையிலிருந்து குழலை அடித்து உருட்டுவது முதல் மரக்கட்டையைச் செதுக்கி முடிப்பது வரை ஒரே மனிதராகச் செய்துகாட்டியது 1969இல் ஆவணப்படமாக வெளிவந்தது; அதைக் கண்ட பின்னரே கைத்தொழிலாக இது கற்கத்தக்கது என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியது. இவ்வார்வலர்க்குச் சுடுவதில் உள்ள நாட்டத்தைவிட அரம் பிடிப்பதில் உள்ள நாட்டமே பெரிது. ஓர் அருங்காட்சியகத் துவக்கின் அளவுகளை எடுத்து, வரைந்து, ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வதிலேயே அவர்களது ஆண்டின் பெரும்பகுதி கழிகிறது.

அங்கு பொழுதுபோக்காக இருக்கும் இதே செயல், மகாவலி கங்கை வளைந்தோடும் கண்டி மலைநாட்டில் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சட்டம் அங்கீகரித்த, இன்னும் சரியாகச் சொன்னால் சட்டம் கட்டாயப்படுத்திய, வீட்டுத் தொழிலாக இருந்தது. அதன் ஏற்றமும் இறக்கமும் கொல்லரின் திறமை கூடியதாலோ குறைந்ததாலோ நேர்ந்தவை அல்ல, சட்டத்தின் முகம் மாறியதால் நேர்ந்தவை என்பதே இங்கு நிறுவப்படவிருக்கும் கருத்து.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் கால்வைத்தபோது இலங்கையர் இரும்பை அறியாதவராக இருக்கவில்லை. பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவப் பகுதியில் ஆய்வு நடத்திய கில் ஜூலெஃப், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு மலைச்சரிவுகளில் இயங்கிய உலைகளின் எச்சங்களைக் கண்டறிந்து 1996இல் அறிவித்தார். அவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை, அவற்றில் உயர்தர எஃகு விளைந்தது. காற்றை வேலைவாங்கத் தெரிந்த ஒரு நாட்டின் கொல்லருக்கு, கடல்கடந்து வந்த ஓர் இரும்புக் குழலின் மறைபொருளை அவிழ்ப்பது பெரும்பாடாக இருந்திருக்க முடியாது.

அப்படியே நடந்தது. கோவாவில் சில ஆண்டுகள் வாழ்ந்த ஒல்லாந்தரான லின்ஸ்கோத்தன் 1596இல் வெளியிட்ட பயணநூலில், இலங்கையர் செய்யும் துவக்குக் குழல்கள் வேறெங்கும் காணக்கிடைக்காத அழகுடையவை என்றும் அவை வெள்ளிபோல் மின்னுவன என்றும் புகழ்ந்தார். 17ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இந்தியப் பெருங்கடலில் சுற்றித்திரிந்த பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா பிரார், இவர்களது வேலைப்பாடு இத்தனை உயர்ந்ததாக இருக்கும் என்று தாம் எண்ணியதே இல்லை என்றும், ஐரோப்பாவில் செய்யப்படுபவற்றிலும் இவை அழகானவை என்றும் எழுதிவைத்தார். துவக்கு இந்நாட்டுக்கு வந்து ஒரு நூற்றாண்டுதான் கடந்திருந்தது. அதற்குள் கற்றவர் கற்பித்தவரை விஞ்சிவிட்டனர் என்று கற்பித்தவர் தரப்பைச் சேர்ந்தோரே ஒப்புக்கொண்டனர். கடலோரத்தை இழந்து மலைக்குள் ஒதுங்கிய சிங்கள அரசுக்கு, 16ஆம் நூற்றாண்டின் இறுதி முதல், இக்கைத்திறமே அரணாயிற்று.

அத்தொழில் நிகழ்ந்த வீட்டை மிக அண்மையிலிருந்து கண்டு எழுதியவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச்செல்லும் வரை கண்டி இராச்சியத்தின் ஊர்களில், இறுதி ஆண்டுகளில் எலதெத்த என்ற சிற்றூரில், வாழ்ந்த இவ்வாங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில் ஊர்க்கொல்லரைப் பற்றி வரைந்த சித்திரம் கண்முன் நிற்பது. ஒவ்வொரு கொல்லருக்கும் இன்னின்ன ஊர்கள் என்று உரிமை வகுக்கப்பட்டிருந்தது. அவ்வூரார் வேறு கொல்லரிடம் செல்ல இயலாது. வேலை கேட்டு வருவோர் இரும்பையும் கரியையும் தாமே சுமந்து வரவேண்டும். கொல்லர் ஒரு மணையில் அமர்ந்து, உலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, சிறு சுத்தியலால் இடையிடையே தட்டி உருக்கொடுக்க, துருத்தி ஊதுவதும் சம்மட்டி ஓங்கி அடிப்பதும் வந்தவரின் பொறுப்பு. கூலி உடனே தரப்படுவதில்லை. அறுவடைக் காலத்தில் நெல்லாக அளக்கப்படும்.

நொக்ஸ் இதைக் கொல்லரின் செருக்கு என்ற தொனியில் எழுதினார். ஆயினும் வேறொரு கோணத்திலிருந்து பார்த்தால், ஊரிலுள்ள ஒவ்வொரு உழவரும் ஆண்டுக்குச் சில நாளாவது பட்டறையில் வியர்வை சிந்தியிருப்பார், பழுத்த இரும்பின் நிறத்தைக் கண்டு அதன் பதத்தை அறியப் பழகியிருப்பார், தம் கத்தியும் மண்வெட்டியும் எப்படி உருவாயின என்பதைக் கையாலேயே அறிந்திருப்பார் என்பது புலனாகும். இன்று வில்லியம்ஸ்பர்க்கில் கட்டணம் செலுத்திப் பயிலும் அறிவு, எலதெத்தவில் ஏர் பழுதுபார்க்கப் போன எவருக்கும் இலவசமாக வாய்த்தது. ஆர்வலர் சமூகம் என்று இன்று சொல்லப்படுவதற்கு நிகராக அங்கே இருந்தது ஊர்தான்.

இவ்வூர்ப்பட்டறைகளின் மேல் அரசின் அமைப்பு கவிந்திருந்தது. நிலத்தை அனுபவிப்போர் அதற்கு ஈடாக மன்னருக்குத் தம் தொழிலால் பணிசெய்யும் இராஜகாரிய முறையில், கொல்லரும் தட்டாரும் தச்சரும் கொட்டல்பத்த என்ற துறையின் கீழ் வந்தனர். நவந்தன்ன என்று சிங்களத்தில் வழங்கும் இக்கம்மியர் குலத்தார் தமிழ்க் கம்மாளரைப் போலவே விசுவகர்மாவின் வழிவந்தவராகத் தம்மைக் கருதியவர்; ஆச்சாரி என்ற பட்டம் இருசாராருக்கும் பொது. கண்டிக்கு அருகே கடலாதெனிய விகாரையை 1344இல் எழுப்பியவர் கணேசுவராச்சாரி என்று அங்குள்ள கல்வெட்டே சொல்வதால், தென்னிந்தியக் கம்மியர்க்கும் இம்மலைநாட்டுக்கும் இருந்த உறவு துவக்குக்கு நெடுங்காலம் முந்தியது என்பதில் ஐயமில்லை. ஊர்க்கொல்லருள் தேர்ந்தவர்கள் தலைநகரின் பட்டல் ஹத்தர, அதாவது நான்கு பட்டறைகள் எனப்பட்ட அரண்மனைப் பணிக்கூடங்களுக்கு உயர்த்தப்பட்டனர். அரச வாளும் அணிகலனும் முடியும் சிங்காதனமும் அங்கே உருவாயின.

துவக்குகளை ஏந்தியோர்க்கும் தனித்தனி வகுப்புகள் இருந்தன. பிரித்தானிய அதிகாரியான ஜோன் டொயிலி கண்டியின் ஆட்சியமைப்பைப் பற்றித் தொகுத்த குறிப்புகளில் வெடிக்கார, பொந்திக்குல, கொடிதுவக்கு, வடனதுவக்குகார என்று பல லேக்கம்கள், அதாவது பதிவேட்டுக்குட்பட்ட பணிப்பிரிவுகள், வரிசையாக வருகின்றன. இவற்றுள் கொடிதுவக்கு என்பது கால்கள் பொருத்திய கனத்த குழலைக் குறிக்கும். அதன் தோற்றம் கண்டு ஆங்கிலேயர் அதை வெட்டுக்கிளி என்று அழைத்தனர். அக்கருவி மறைந்து இரு நூற்றாண்டுகள் ஆகியும், கொடிதுவக்கு என்பது சிங்களக் குடும்பங்களின் பெயராக இன்றும் வாழ்கிறது.

இனி, கண்டித் துவக்கு ஒன்றை அருகில் வைத்து நோக்குதல் வேண்டும். துவக்கென்பது மூன்று உறுப்புகளின் கூட்டு: குழல், கட்டை, பொறி. பொறி என்ற தமிழ்ச்சொல் தீத்துளியையும் இயங்கும் கருவியையும் ஒருங்கே குறிப்பதால், மருந்தில் நெருப்பை மூட்டும் இயக்கப் பகுதிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பதரிது. தொடக்ககாலத் துவக்குகளில் புகையும் திரியே நெருப்பைத் தந்தது. பின்னர், விசை தட்டியதும் குதிரை எனப்படும் கவ்வி முன்னோக்கிப் பாய்ந்து, அது கடித்திருக்கும் சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசித் தீத்துளிகளைச் சிந்தும் அமைப்பு வந்தது. கண்டிப் பொறி இவ்விரண்டாம் வகையில் ஆரம்பநிலை சார்ந்தது. போர்த்துக்கேயர் கொண்டுவந்த லிஸ்பன் வடிவத்தின் சாயலைத் தாங்கியது.

ஆனால் ஒன்றில் அது தனித்து நிற்கிறது. உலகின் பெரும்பாலான துவக்குகளில் பொறி குழலின் வலப்பக்கம் இருக்க, சிங்களத் துவக்கில் அது இடப்பக்கம் அமைகிறது. பொறியின் பக்கம் மாறினால் தீத்துளை மாறவேண்டும், கட்டையின் குடைவு மாறவேண்டும், வில்தகட்டின் வளைவு கண்ணாடியில் கண்டதுபோல் திரும்பவேண்டும். பார்த்துப் படியெடுப்பவரால் இது இயலாது. ஒவ்வோர் உறுப்பும் ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை உணர்ந்து, மனத்துள் முழுவதையும் பிரித்து, மீண்டும் பூட்டத் தெரிந்தவராலேயே இயலும். கண்டிக் கொல்லர் போலி செய்வோர் அல்லர், ஆக்குவோர் என்பதற்கு இடப்பக்கப் பொறியைவிட வலுவான சான்று தேவையில்லை.

கட்டையும் அவ்வாறே. தோளில் பொருந்தும் அடிப்பகுதி இரண்டாகப் பிளந்து சுருண்டு முடிகிறது. அதன்மேல் லியவெல என்ற கொடிக்கோலம் மரத்திலேயே செதுக்கப்பட்டோ யானைத்தந்தத் தகடாகப் பதிக்கப்பட்டோ படர்கிறது. கண்டிக்கு அருகிலுள்ள எம்பக்கே தேவாலயத்தின் மரத்தூண்களைக் கண்டு வருவோர் இக்கொடிகளை உடனே அடையாளங்காண்பர், ஏனெனில் இரண்டையும் செதுக்கியது ஒரே மரபின் உளி. குழலின் வாயிலும் அடியிலும் வெள்ளியும் பித்தளையும் பதிக்கப்பட்டன. கொல்லர், தச்சர், தட்டார், தந்தவேலை செய்வோர் என்று நான்கு கைகள் ஒரே கருவியில் சந்திக்கும் இடம் இதைப்போல் வேறில்லை எனலாம்.

வெடிமருந்தின் முக்கியக் கூறான வெடியுப்பும் உள்நாட்டிலேயே கிடைத்தது. இராணுவ மருத்துவராக இலங்கையில் பணியாற்றிய ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில், தும்பறைப் பகுதியின் மெமூரா என்னுமிடத்துக் குகையொன்றில் கண்டியர் வெடியுப்பு எடுத்ததை நேரிற் கண்டு விவரித்தார். இரும்பு, மரம், வெடியுப்பு, கைத்திறன் ஆகிய அனைத்தும் மலைக்குள்ளேயே அடங்கியிருந்தமையால், கடலோரத்தை ஆண்டவர் துறைமுகங்களை அடைத்து இவ்விராச்சியத்தைப் பணியவைக்க முடியவில்லை. இன்றைய பேராதனைப் பூங்காவின் எதிர்க்கரையிலுள்ள கன்னொறுவையில் 1638 மார்ச்சில் போர்த்துக்கேயப் படை அழிந்ததும், 1803இல் வட்டப்புளுவவில் மேஜர் டேவி என்ற மற்றொரு பிரித்தானியரின் படை அழிந்ததும் பலவாறு விளக்கப்பட்டுள்ளன. அவ்விளக்கங்களில் ஊர்ப்பட்டறைக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டி அரண்மனைக்குள் புகுந்து சூறையாடியது. கொண்டுசெல்லப்பட்டவற்றுள், லெவ்கே திசாவை 1745ஆம் ஆண்டளவில் மன்னருக்குக் காணிக்கையாக்கிய பீரங்கியொன்றும் இருந்தது. பொன்னும் வெள்ளியும் மாணிக்கங்களும் பதித்து, சூரியனும் பிறைநிலவும் சிங்கமும் பொறித்த அப்பீரங்கி ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்தது. பொருள்கள் எவ்வாறு வந்தன என்பதை ஆராய்ந்த பின், நெதர்லாந்து அரசு 2023இல் ஆறு பொருள்களை இலங்கைக்குத் திருப்பியளித்தது. அவை இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளன. செய்திகள் பெரும்பாலும் பீரங்கியைப் பற்றியே எழுந்தன. அந்த ஆறு பொருள்களுள் இரண்டு மகாதுவக்குகள், அதாவது கனத்த நெடுங்குழல் துவக்குகள், இருந்தமை பெரிதும் கவனிக்கப்படவில்லை. பீரங்கி காணிக்கைப் பொருள், அழகுக்காக அலங்கரிக்கப்பட்டது. கண்டிக் கொல்லரின் அன்றாட அறிவை அறிய விரும்புவோர் முதலில் நாடவேண்டியவை அந்த இரண்டு துவக்குகளே.

1815 மார்ச் 2ஆம் நாள் கையொப்பமாகி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தத்தோடு சட்டத்தின் முகம் மாறத் தொடங்கியது. 1817-18இல் ஊவாவில் எழுந்த பேரெழுச்சி அடக்கப்பட்டபோது மக்களிடமிருந்த துவக்குகள் பறிக்கப்பட்டன. அதனினும் ஆழமான அடி, ஓசையின்றி 1832இல் விழுந்தது. பிரித்தானிய ஆணையாளர் கோல்புரூக்கின் விதந்துரைப்பின்படி இராஜகாரியம் ஒழிக்கப்பட்டபோது, கட்டாய உழைப்பிலிருந்து மக்கள் விடுபட்டனர் என்பது உண்மை, அது நன்மையே. ஆனால் கொல்லரின் நிலத்தையும் அவரது தொழிலையும் இணைத்திருந்த கயிறும் அதே வெட்டில் அறுந்தது. மேல்நிலைப் பட்டறைகளுக்கு வேலைதர அரண்மனை இல்லை. ஆங்கிலேய இரும்பும் ஆங்கிலேயத் துவக்கும் மலிவாகக் கப்பலில் வந்திறங்கின.

1848இல் நடந்ததை இன்னும் நுணுகிப் பார்த்தல் தகும். ஆளுநர் டொரிங்டன் பிரபு புதிதாக விதித்த வரிகளுள், துவக்கு வைத்திருப்போர் ஆண்டுதோறும் 2 ஷிலிங் 6 பென்ஸ் செலுத்தி உரிமம் பெறவேண்டும் என்பதும் ஒன்று. நாய்க்கும் வரி, கடைக்கும் வரி, வீதிவேலைக்கு ஆறுநாள் உழைப்பு அல்லது பணம் என்று சுமை கூடியபோது, ஜூலை 6ஆம் நாள் பெருந்திரளான மக்கள் அரச அலுவலகமான கண்டிக் கச்சேரியை நோக்கித் திரண்டனர். காட்டுப்பன்றியும் யானையும் விளைச்சலை அழிக்கும் மலைநாட்டில் துவக்கு ஆடம்பரப் பொருளன்று, அது மண்வெட்டிக்கு அடுத்த கருவி. தந்தை செய்வித்து மகனுக்கு விட்டுச்சென்ற ஒன்றுக்கு ஆண்டுக்கொருமுறை காசு கட்டி அனுமதி கேட்பது, பணப்புழக்கமே அரிதான ஊர்களில், இழப்பாகவும் இழிவாகவும் உணரப்பட்டது. அம்மாத இறுதியில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டதும், ஆகஸ்ட் 8ஆம் நாள் கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு போகம்பறையில் சுட்டுக்கொல்லப்பட்டதும் மாத்தளைக் கிளர்ச்சி என்ற பெயரில் பாடநூல்களில் உள்ளன. கிளர்ச்சியின் காரணங்களை எண்ணும்போது துவக்கு வரி பட்டியலின் நடுவில் ஒரு சொல்லாகக் கடந்துபோகிறது; கண்டியின் கைத்தொழில் வரலாற்றில் அது ஓர் எல்லைக்கல்.

இன்று நடைமுறையிலுள்ள சட்டத்தின் வேர் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம். 1996இல் திருத்தப்பட்டபோது தண்டனைகள் கடுமையாயின. இதன்படி துவக்கை உடைமையாக வைத்திருப்பதும் செய்வதும் பழுதுபார்ப்பதும் விற்பதும் உரிமத்துக்கு உட்பட்டவை. பயிர்ப் பாதுகாப்புக்காகத் துவக்கு வைத்திருக்கும் உழவர் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கவேண்டும். ஆகவே அமெரிக்க ஆர்வலர் தம் வாகனக் கொட்டகையில் செய்வதைக் கண்டியிலோ கடுகண்ணாவையிலோ எவரேனும் உரிமமின்றிச் செய்தால் அது குற்றம். கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட உள்நாட்டுப் போரைக் கண்ட, துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே தாய்மார் நடுங்கிய ஒரு நாட்டில் அச்சட்டம் தளரவேண்டும் என்று கேட்பதற்கு இடமில்லை. இச்சொற்பொழிவு அதைக் கேட்கவும் இல்லை.

எனினும் சட்டம் வெளியே தள்ளிய தொழில் முற்றிலும் சாகவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். நீர்க்குழாயும் பழைய இரும்பும் கொண்டு ஒளிவில் உருவாக்கப்படும் உள்ளூர்த் துவக்குகள் பற்றிய செய்திகள் நாளேடுகளில் அடிக்கடி வருகின்றன. அவற்றுள் கொடியது கட்டுத்துவக்கு: விலங்கு நடக்கும் தடத்தில் மறைத்துக் கட்டி, குறுக்கே கம்பியிழுத்து, எது தடுக்கினாலும் வெடிக்குமாறு விடப்படுவது. பன்றிக்கு வைத்தது விறகுக்குப் போனவரின் முழங்காலைச் சிதைக்கிறது. தோட்டத் தொழிலாளியும் தேன் எடுக்கப்போன இளைஞனும் ஒரு கணத்தில் கால் இழந்து மருத்துவமனை வந்துசேர்கின்றனர். வெள்ளிபோல் மின்னியதாக லின்ஸ்கோத்தன் புகழ்ந்த குழலின் இறுதி வாரிசு இதுதான் என்பது எவரையும் வருத்தவேண்டிய செய்தி. பெயரும் முகவரியும் உள்ள கொல்லர் ஊரார் கண்முன் செய்தபோது தொழிலுக்கு மானம் இருந்தது, தவறினால் கேட்பார் இருந்தனர். இருட்டில் செய்பவருக்கு இரண்டும் இல்லை.

பிற நாடுகள் கண்ட வழிகள் பலவகை. பீகாரின் முங்கேரில், வங்க நவாபு மீர் காசிம் 1760களின் தொடக்கத்தில் தலைநகரை அங்கு மாற்றி நிறுவிய படைக்கலச் சாலையிலிருந்து பரவிய கைத்திறன், இன்றும் உரிமம் பெற்ற சிறு தொழிலகங்களில் தொடர்கிறது. உரிமம் பெறாத பட்டறைகளும் அதே ஊரின் பெயரைக் கெடுக்கின்றன. குடகில் கொடவர்க்கு 1861 முதல் துவக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு, அது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கைல்போத் விழாவில் அவர்கள் துவக்கின் வாயில் செங்காந்தள் மலரைச் செருகி வணங்குவர், அம்மலரின் பெயரே அவர்கள் மொழியில் தோக்குப்பூ. அமெரிக்காவிலோ, வீட்டில் பூட்டிக்கொள்ளத்தக்க உறுப்புத் தொகுதிகள் தொடரிலக்கமின்றிப் பெருகி, குற்றங்களில் பயன்பட்டதால், 2022இல் அரசு அத்தொகுதிகளையும் சுடுகலன் என்றே கருதும் விதியைக் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அவ்விதியை ஏற்றது. பொழுதுபோக்காளர் பலர் இதை எதிர்த்தனர். ஆனால் இரும்புப் பட்டையிலிருந்து குழலை அடித்தெடுப்பவருக்கும், பெட்டியில் வந்த உறுப்புகளை ஒரு மாலைப்பொழுதில் பொருத்துபவருக்கும் உள்ள தொலைவு பெரிது. முன்னவர் கற்கிறார், பின்னவர் பெறுகிறார்.

கண்டிக்குத் தேவையானது அந்த முன்னவரின் ஒரு பழக்கம் மட்டும்: பழைய கருவியை அளந்து, பிரித்து, வரைந்து, அறிவைப் பொதுவாக்குவது. அதற்குச் சுடத்தக்க துவக்கு ஒன்றைக்கூடச் செய்யவேண்டியதில்லை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் அச்சிட்ட இடைக்காலச் சிங்களக் கலை நூலுக்காகக் கண்டிக் கம்மியரின் பட்டறைகளுக்கே சென்று, அவர்கள் கருவிகளின் பெயரையும் கோலங்களின் பெயரையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிந்தார். அந்நூல் 425 படிகளே அச்சானது. பி. ஈ. பி. தெரணியகல 1942இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் சிங்களப் படைக்கலங்களை வகைப்படுத்தினார். அதன்பின் பொறியின் உள்ளமைப்பைக் கொல்லரின் கண்ணால் நோக்கும் முயற்சி போதிய அளவு தொடரப்படவில்லை. நூதனசாலைக் கண்ணாடிப் பேழையில் துவக்கு வலப்பக்கம் தெரியக் கிடத்தப்பட்டால், கண்டிக் கொல்லரின் தனித்தன்மை அனைத்தும் சுவரை நோக்கியிருக்கும்.

பிலிமத்தலாவைச் சாலையோரத்தில் பித்தளைக் குத்துவிளக்கு வார்ப்போரும், நத்தரம்பொத்தக் கலாபுரத்தில் வெள்ளித் தகட்டில் லியவெல தட்டுவோரும், உடுநுவரையின் மரச்செதுக்குநரும் துவக்கில் சந்தித்த அக்கைகளின் இன்றைய வழித்தோன்றல்கள். வில்தகட்டின் வளைவைத் தொட்டுப்பார்த்தே அதன் வேலைப்பாட்டை மதிப்பிடத்தக்கவர் அவர்களுள் இன்னும் உள்ளனர். பலருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. கொழும்பிலுள்ள இரண்டு மகாதுவக்குகளும், செயலிழக்கச் செய்யப்பட்ட நிலையில், தலதா மாளிகைக்குப் பின்னுள்ள கண்டி நூதனசாலைக்கு ஒரு பருவகாலத்துக்காவது கொண்டுவரப்பட்டு, வரைவாளர் ஒருபுறமும் இக்கம்மியர் மறுபுறமும் அமர, இடப்பக்கப் பொறி திருகு திருகாகக் கழற்றப்படவேண்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்கள் சொல்லும் பெயர் சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்படவேண்டும்.